அப்டக்ஷனா, அடக்ஷனா? அசைவைச் சொல்லும் லத்தீன் மருத்துவச் சொற்களைப் பிரித்துப் படிப்பது எப்படி

இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்த நோயாளியின் இரண்டு கால்களுக்கும் நடுவே ஆப்பு வடிவத்தில் ஒரு தலையணையை வைத்துக் கட்டியிருப்பார்கள். அதற்கு அப்டக்ஷன் தலையணை என்று பெயர். மூட்டின் பின்புறமாகத் திறந்து செய்த அறுவை என்றால், அந்தக் கால் உடலின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகக் கூடாது. போனால் புது மூட்டு குழியைவிட்டு நழுவும் அபாயம் உண்டு. நடுக்கோட்டைவிட்டு விலகுவது அப்டக்ஷன், நடுக்கோட்டை நோக்கி வருவது அடக்ஷன். காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே வார்டில் பழகியவர்கள் 'ஏ-பி-டக்ஷன்', 'ஏ-டி-டக்ஷன்' என்று எழுத்தைப் பிரித்தே சொல்வார்கள். நீங்களும் முதல் நாளிலிருந்து அப்படியே சொல்லிப் பழகுங்கள்.

பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்துவிட்டு நர்சிங், பிசியோதெரபி, எம்பிபிஎஸ் என்று சேர்பவர்கள் இந்த மாதிரிச் சொற்களை நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்யப் பார்ப்பார்கள். அது தேவையில்லை. சொற்கள்தான் நிறைய; அவற்றுக்குள் இருக்கும் துண்டுகள் கொஞ்சம். சுமார் 20 வேர்களும் 15 முன்னொட்டுகளும் கைவசம் இருந்தால் அசைவு சம்பந்தமான பெரும்பாலான சொற்கள் பிடிபட்டுவிடும். என்ன வகை அசைவு என்பதை வேர் சொல்லும், எந்தத் திசையில் என்பதை முன்னொட்டு சொல்லும். வேர் தப்பினால் சொல் புரியாது, புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பீர்கள். முன்னொட்டு தப்பினால் சொல் புரிந்த மாதிரியே இருக்கும், ஆனால் நேர் எதிராகப் புரிந்திருக்கும். அதனால் உழைப்பை முன்னொட்டில் போடுங்கள்.

வாலிலிருந்து தொடங்குங்கள்

சொல்லின் கடைசியை முதலில் பாருங்கள். '-ஷன்' என்று முடிந்தால் அது செயலின் பெயர்: ஃப்ளெக்ஷன் என்றால் மடக்குதல், ரொட்டேஷன் என்றால் சுழலுதல். '-டர்', '-சர்' என்று முடிந்தால் அந்தச் செயலைச் செய்வது: ஃப்ளெக்சர் மடக்குகிற தசை, லெவேட்டர் தூக்குகிற தசை, ரிட்ராக்டர் அறுவை அறையில் திசுவைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிற கருவி. '-என்ட்', '-என்ஸ்' என்று முடிந்தால் 'செய்கிற' என்று பெயரெச்சமாகப் படியுங்கள். ஆறாவது மூளை நரம்பின் பெயரான அப்டூசென்ஸ், 'விலக்கிக் கொண்டுபோகிற' நரம்பு. அது செயலிழந்தால் கண்ணை வெளிப்பக்கம், அதாவது காதுப் பக்கம், திருப்ப முடியாது. பெயரிலேயே நோய்க்குறி இருக்கிறது.

முன்னொட்டு ஒளிந்திருக்கும்

அடிப்படையான 15 இவை. அப்- விட்டு விலகி, அட்- நோக்கி, எக்ஸ்- வெளியே, இன்- உள்ளே, டி- கீழே அல்லது விட்டு, ரீ- பின்னோக்கி அல்லது மறுபடி, ப்ரோ- முன்னே, ரெட்ரோ- பின்புறமாக, சர்க்கம்- சுற்றி, டிரான்ஸ்- கடந்து, கான்- ஒன்றுசேர்ந்து, டிஸ்- பிரிந்து, பெர்- ஊடாக, இன்டர்- இடையே, சப்- அடியில்.

பார்க்க எளிது. சிக்கல் என்னவென்றால், அடுத்து வரும் எழுத்தைப் பொறுத்து இவை உருமாறும். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதுபோல லத்தீனிலும் புணர்ச்சி உண்டு. அட்- என்பது எஃப் எழுத்துக்கு முன்னால் வந்தால் அதன் டி மறைந்து எஃப் இரட்டிக்கும்: அஃபெரன்ட். எக்ஸ்- என்பதும் அதே இடத்தில் அப்படியே மாறும்: எஃபெரன்ட். முதல் சொல் 'நோக்கிச் சுமந்து வருகிற', இரண்டாவது 'வெளியே சுமந்து போகிற'. வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றாகவே கேட்கும் என்பதால் ஆசிரியர்கள் 'ஏ-ஃபெரன்ட்', 'ஈ-ஃபெரன்ட்' என்று முதலெழுத்தை நீட்டிச் சொல்வார்கள்.

ஆங்கில எழுத்தில் சொல்லின் தொடக்கத்தையொட்டி ஒரு மெய் இரட்டித்து நின்றால், அங்கே ஒரு முன்னொட்டின் கடைசி எழுத்து கரைந்திருக்கிறதா என்று பாருங்கள். கொலாப்ஸ் என்பதில் கான்-, டிஃப்யூஷன் என்பதில் டிஸ்-. எக்ஸ்- சில எழுத்துகளுக்கு முன்னால் வெறும் 'ஈ' ஆகச் சுருங்கும்: இஜெக்ஷன், இவர்ஷன். அப்- சில இடங்களில் 'அப்ஸ்' என்று நீளும். சீழ்கட்டிக்குச் சொல்லும் ஆப்செஸ் என்ற சொல் இப்படி வந்ததுதான். அதன் பொருள் 'விலகிப் போதல்'. கெட்ட நீர் உடலின் மற்ற பகுதிகளைவிட்டு விலகி ஓரிடத்தில் சேர்கிறது என்ற பழைய எண்ணத்தின் மிச்சம்.

இன்- இரண்டு உண்டு. இன்ஜெக்ஷன், இன்ஃப்யூஷன், இன்ஃப்ளக்ஸ் ஆகியவற்றில் அது 'உள்ளே'. இம்மொபைல், இன்கோஆர்டினேஷன் ஆகியவற்றில் அது 'இல்லை'. உருவத்தை வைத்துப் பிரிக்க வழியில்லை. ஒரு நடைமுறை விதி உண்டு: பின்னால் வருவது எறிதல், ஊற்றுதல், பாய்தல் போன்ற திசையுள்ள செயல் என்றால் 'உள்ளே' என்று எடுங்கள், இயலும் தன்மை, ஒழுங்கு போன்ற பண்பு என்றால் 'இல்லை' என்று எடுங்கள். பெரும்பாலும் சரியாக வரும்.

ரீ- என்பதிலும் இதே இரட்டைப் பொருள். இரைப்பை அமிலம் உணவுக்குழலுக்கு ஏறும் ரிஃப்ளக்ஸில் அது 'பின்னோக்கி'. அடிக்கடி வரும் டான்சில் அழற்சியை ரெகரன்ட் என்னும்போது அது 'மறுபடி'. ஆனால் ரெகரன்ட் லாரிஞ்ஜியல் நரம்பில் அதே சொல் மீண்டும் 'பின்னோக்கி' என்றாகிவிடும். மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பிலிருந்து அது பிரிகிறது. இடப்பக்கம் பெருந்தமனி வளைவின் அடியில் வளைந்தும், வலப்பக்கம் சப்கிளேவியன் தமனியின் அடியில் வளைந்தும், வந்த வழியே மேலேறிக் குரல்வளைக்குப் போகிறது. திரும்பி ஓடுகிற நரம்பு என்பதே பெயரின் பொருள். தைராய்டு அறுவையில் இந்த நரம்பை அடையாளம் காணாமல் விட்டால் குரல் கம்மிப்போகும். ஒட்டகச்சிவிங்கியில் இதே நரம்பு கழுத்து முழுக்க இறங்கி மறுபடி ஏற வேண்டியிருப்பதால் பல மீட்டர் நீளம் இருக்கும். வேகஸ் என்பதற்கும் பொருள் 'அலைகிறது'. பத்தாவது மூளை நரம்பான அது கழுத்து, மார்பு, வயிறு என்று எல்லா இடத்துக்கும் போய் வருவதைப் பார்த்தால் பொருத்தமான பெயர்தான்.

வேருக்கு இரண்டு முகம்

லத்தீன் வினைக்குக் குறைந்தது இரண்டு வடிவம் உண்டு. ஒன்றை மட்டும் படித்தால் பாதிச் சொற்களில் வேர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஜோடியாகவே எழுதிப் படியுங்கள்:

மடக்கு: ஃப்ளெக்ட், ஃப்ளெக்ஸ்
நீட்டு: டென்ட், டென்ஸ்
திருப்பு: வெர்ட், வெர்ஸ்
அனுப்பு: மிட், மிஸ்
ஊற்று: ஃபண்ட், ஃப்யூஸ்
நீராய் ஓடு: ஃப்ளூ, ஃப்ளக்ஸ்
தள்ளு: பெல், பல்ஸ்
போ: சீட், செஸ்
உருட்டு: வால்வ், வால்யூட்
சும: ஃபெர், லாட்

இழுத்தலுக்கு டிராக்ட், நடத்திச் செல்வதற்கு டக்ட், முறுக்கலுக்கு டார்ஸ், வழுக்கலுக்கு லாப்ஸ், தூக்கலுக்கு லெவ், அசைத்தலுக்கு மோட், ஓட்டத்துக்கு கர் என்று ஒரு வடிவம் போதும். மருத்துவத்தில் அதுவே அதிகம் வருகிறது.

வேரின் உயிரெழுத்தும் முன்னொட்டு சேர்ந்ததும் மாறும். தனியாக 'ஜாக்' என்று இருக்கும் 'எறி', சேர்ந்ததும் 'ஜெக்ட்' ஆகிறது. நடையைக் குறிக்கும் 'கிராட்' சேர்ந்ததும் 'கிரெஸ்' ஆகிறது, ப்ரோக்ரெஸிவ், ரிக்ரெஷன். தாவலைக் குறிக்கும் 'சால்ட்' சேர்ந்ததும் 'சல்ட்' ஆகிறது. உறுப்புக்கு ஏற்படும் திடீர் சேதத்தை மருத்துவர்கள் 'இன்சல்ட்' என்று எழுதுவது இதனால்தான். பாய்ந்து விழுதல் என்று பொருள், யாரும் யாரையும் அவமதிக்கவில்லை. முன்னொட்டு இல்லாத இடத்தில் பழைய வடிவம் அப்படியே இருக்கும்: மையலின் உறையுள்ள நரம்பிழையில் சைகை ஒரு ரேன்வியர் கணுவிலிருந்து (உறை விட்டுப்போன சிறு இடைவெளி) அடுத்த கணுவுக்குத் தாவுவதை சால்ட்டேட்டரி கடத்தல் என்கிறோம். அந்தத் தாவலால்தான் நொடிக்கு 120 மீட்டர் வரை வேகம் கிடைக்கிறது. உறையில்லாத இழையில் சைகை நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவது அரிது.

எதை மையமாக வைத்து?

இதுதான் பாடநூல்களில் ஓரிரு வரியில் கடந்துபோகும் இடம், தேர்விலும் வார்டிலும் அதிகம் தவறு நடப்பதும் இங்கேதான். 'விலகி' என்றால் எதைவிட்டு? 'நோக்கி' என்றால் எதை நோக்கி? சொல்லுக்குள் அது இருக்காது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கைகால்களுக்கு உடலின் நடுக்கோடு மையம். விரல்களுக்கு அப்படியல்ல. கைவிரல்களுக்கு நடுவிரலும், கால்விரல்களுக்கு இரண்டாம் விரலும் மையம். உள்ளங்கையை மேசைமேல் வைத்து விரல்களை விரித்துப் பாருங்கள்: சுட்டுவிரல் ஒரு பக்கமும் மோதிரவிரல் மறுபக்கமும் போகின்றன, ஆனால் இரண்டுமே அப்டக்ஷன்தான். நடுவிரல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தன் கோட்டைவிட்டு விலகுகிறது; ஆகவே அதற்கு அப்டக்ஷன் மட்டுமே உண்டு. அதனால்தான் விரல்களை விரிக்கிற, கையின் பின்புறமுள்ள நான்கு டார்சல் இன்டராஸியை தசைகளில் இரண்டு நடுவிரலுக்கே போகின்றன. விரல்களைச் சேர்க்கிற, உள்ளங்கைப் பக்கத்து பால்மார் இன்டராஸியையில் ஒன்றுகூட நடுவிரலுக்கு இல்லை. இதைப் புரிந்துகொண்டால் சூத்திரம் வைத்து மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கட்டைவிரல் இன்னொரு கதை. அது மற்ற விரல்களுக்குக் குறுக்காகத் திரும்பி அமைந்திருக்கிறது. உள்ளங்கை மேலே பார்க்க வைத்து, கட்டைவிரலைக் கூரையை நோக்கி நிமிர்த்துவதுதான் அதன் அப்டக்ஷன். அதே தளத்தில் பக்கவாட்டில் விரிப்பது எக்ஸ்டென்ஷன். வாய்மொழித் தேர்வில் இதைத் தலைகீழாகக் காட்டுபவர்கள் அதிகம்.

அஃபெரன்ட், எஃபெரன்ட் என்ற ஜோடிக்கும் மையம் இடத்துக்கு இடம் மாறும். நரம்பில் மூளையும் தண்டுவடமும் மையம். ஆகவே உணர்ச்சி நரம்பு அஃபெரன்ட், இயக்க நரம்பு எஃபெரன்ட். சிறுநீரகத்தில், இரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சான குளோமெருலஸ் மையம். அதற்குள் இரத்தம் கொண்டுவரும் நுண்தமனி அஃபெரன்ட், அங்கிருந்து வெளியே கொண்டுபோவது எஃபெரன்ட். நிணநீர் முடிச்சில் அந்த முடிச்சே மையம். பல அஃபெரன்ட் நாளங்கள் உள்ளே வரும், ஓரிரண்டு எஃபெரன்ட் நாளங்கள் வெளியேறும். ஒரு முடிச்சின் எஃபெரன்ட் அடுத்த முடிச்சுக்கு அஃபெரன்ட் ஆகிவிடும். குழப்பமில்லை, மையம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கணுக்காலில் மையமாக எடுப்பது உள்ளங்கால் பார்க்கும் திசை. உள்ளங்கால் உள்பக்கம் பார்க்கத் திரும்புவது இன்வர்ஷன், வெளிப்பக்கம் பார்க்கத் திரும்புவது இவர்ஷன். இயல்பான அளவு முன்னதற்கு ஏறத்தாழ 35 பாகை, பின்னதற்கு 15 பாகை. படியில் கால் பிசகிச் சுளுக்கிக்கொள்வது பெரும்பாலும் இன்வர்ஷனில்தான். அப்போது முதலில் அடிபடுவது கணுக்காலின் வெளிப்பக்க முன்புறத் தசைநார்.

முன்கைக்கு சூப்பினேஷன், ப்ரோனேஷன். சூப்பைன் என்றால் மல்லாந்த, ப்ரோன் என்றால் குப்புற. நம்மிடம் கச்சிதமான சொற்களே இருக்கின்றன. திருநீறு வாங்கக் கையை ஏந்தினால் சூப்பினேஷன். மேசையில் உள்ளங்கை கீழே பட வைத்தால் ப்ரோனேஷன். வலக்கையால் திருகாணியை முறுக்கி இறுக்குவதும் சூப்பினேஷன்தான். அதற்குக் கூடுதல் பலம் கொடுப்பது மேற்கையின் பைசெப்ஸ்.

மகப்பேறு நோட்டில் வரும் ஒரு ஜோடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆன்டிவெர்ஷன் என்றால் கருப்பை முழுவதும் யோனிக் குழலின் அச்சைவிட்டு முன்னே சாய்ந்திருப்பது. ஆன்டிஃப்ளெக்ஷன் என்றால் கருப்பையின் உடல்பகுதி கருப்பை வாயின்மேல் முன்னே மடிந்திருப்பது. ஒன்று சாய்வு, மற்றொன்று மடிப்பு. ஒரே கருப்பையில் இரண்டும் இருக்கும். பெரும்பாலான பெண்களுக்கு அதுவே இயல்பு.

நீண்ட தசைப்பெயரைக் கடைசியிலிருந்து படியுங்கள்

தமிழருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. லத்தீன் தசைப்பெயரில் 'செய்வது' முதலில் வரும், அதன் அடைமொழிகள் பின்னால் வரும். தமிழில் அடைமொழிகள் முதலில், செய்வது கடைசியில். ஆகவே பெயரைக் கடைசிச் சொல்லிலிருந்து முன்னோக்கிப் படித்தால் பெரும்பாலும் அதுவே தமிழ்.

ஃப்ளெக்சர் டிஜிடோரம் ப்ரொஃபண்டஸ்: ஆழ்–விரல்–மடக்கி. லெவேட்டர் பால்பெப்ரே சுப்பீரியாரிஸ்: மேல்–இமை–தூக்கி. எக்ஸ்டென்சர் கார்ப்பை ரேடியாலிஸ் லாங்கஸ்: நீள்–ரேடியஸ்பக்க–மணிக்கட்டு–நீட்டி. மாணவர்களை மிரட்டுவதற்கென்றே வைத்ததுபோல லெவேட்டர் லேபியை சுப்பீரியாரிஸ் அலேக்வே நேசை என்று ஒரு முகத்தசை உண்டு. 'அலேக்வே'யில் உள்ள 'க்வே' நம்முடைய 'உம்' போலச் சொல்லோடு ஒட்டி வரும் இணைப்பு. மூக்கின் மடலையும் மேலுதட்டையும் தூக்கி, அவ்வளவே. அருவருப்பில் மூக்கைச் சுளித்து உதட்டை உயர்த்தும்போது வேலை செய்வது அதுதான்.

ஏமாற்றும் சொற்கள்

மிக மோசமானது 'லாட்'. ஒரே உருவத்தில் மூன்று தனித்தனிச் சொற்கள். இதயத் துடிப்புக் கோளாறுக்குச் செய்யும் அப்லேஷனில் அது 'சுமந்து'. அகற்றுதல் என்று பொருள், இன்று அந்த இடத்திலேயே சுட்டு அழிப்பதையும் அப்படியே சொல்கிறோம். லேட்டரல், கொலேட்டரல் இரண்டிலும் அது 'பக்கம்'. டைலேஷன், லேட்டிஸிமஸ் டார்ஸை, டென்சர் ஃபேசியே லேட்டே ஆகியவற்றில் அது 'அகலம்'. தொடையின் வெளிப்பக்கத்தில் இருப்பதால் டென்சர் ஃபேசியே லேட்டேவுக்கு 'பக்கம்' என்று பொருள் எழுதுவது வழக்கமான பிழை. அகலமான ஃபேசியாவை (தசைகளைப் போர்த்தும் உறைத் திசு) இழுத்து விறைப்பாக்குவது என்பதே சரி.

கண், கருப்பை இரண்டிலும் வரும் ஃபண்டஸுக்கும் 'ஊற்று' என்ற வேருக்கும் தொடர்பில்லை. அதன் பொருள் 'அடித்தளம்', வாயிலிருந்து மிகத் தொலைவிலுள்ள பகுதி. கருப்பையின் வாய் கீழே இருப்பதால் அதன் 'அடித்தளம்' உச்சியில் இருக்கிறது.

'சிட்', 'சிஸ்' இரண்டையும் கலக்காதீர்கள். பால்பற்களை டெசிடுவஸ் என்பது 'விழு' என்ற வேரால். இன்சிஷன், இன்சைசர் ஆகியவை 'வெட்டு' என்ற வேரால். சிறுகுடலின் தொடக்கப் பகுதியான டியோடினத்தில் 'டக்' எதுவும் இல்லை, அது பன்னிரண்டு என்ற எண்.

சொல்லைச் சரியாகப் பிரித்தும் பொருள் தப்பும் இடங்களும் உண்டு. கண் மருத்துவர் 'கண்சவ்வில் இன்ஜெக்ஷன்' என்று எழுதினால் ஊசி போட்டார் என்று அர்த்தமில்லை. இரத்தக் குழாய்கள் புடைத்துக் கண் சிவந்திருக்கிறது. காய்ச்சல் அட்டவணையில் இன்டர்மிட்டன்ட், ரெமிட்டன்ட் இரண்டிலும் 'அனுப்பு' என்ற வேரே இருக்கிறது. ஆனால் முன்னதில் வெப்பநிலை நடுவே இயல்புக்கு இறங்கும், பின்னதில் ஏறி இறங்கினாலும் இயல்பைத் தொடாது. நர்ஸ் குறிப்பில் 'ஆம்புலேட்' என்று இருந்தால் நோயாளியை எழுப்பி நடக்க வையுங்கள். ஆம்புலன்ஸுக்கும் அதே 'நட' என்ற வேர்தான்; படையோடு கூடவே நகர்ந்த பிரெஞ்சுப் போர்க்கள மருத்துவமனையிலிருந்து வந்த பெயர் அது.

பயிற்சி

ஒரு பெரிய தாளில் இடது ஓரம் 15 முன்னொட்டுகளையும் மேலே 20 வேர்களையும் எழுதினால் 300 கட்டங்கள் கிடைக்கும். பாடத்தில் ஒரு சொல் வரும்போது மட்டும் அதற்குரிய கட்டத்தில் எழுதுங்கள். கட்டம் காலியாக இருக்கிறதே என்று நீங்களாகச் சொல் செய்யாதீர்கள். தர்க்கப்படி இருக்க வேண்டிய பல சொற்கள் வழக்கில் இல்லை. ஒவ்வொரு சொல்லின் கீழும் இரண்டே குறிப்பு போதும்: எதை மையமாக வைத்து, எந்தத் திசையில் ஓர் அம்புக்குறி. வேர், முன்னொட்டு, பின்னொட்டு மூன்றையும் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். தமிழ் எழுத்தில் பி, டி வேறுபாடும் இரட்டிக்கும் எஃப்பும் சரியாகத் தெரியாது; இந்தக் கட்டுரையிலேயே அந்தச் சிரமம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

எவ்வளவு தேடியும் வேர் இந்தப் பட்டியலில் சிக்கவில்லை என்றால் அது கிரேக்கமாக இருக்கலாம். பிராடிகைனீசியா (அசைவு மந்தமாதல்), பெரிஸ்டால்சிஸ் (குடலின் அலையசைவு), டயரியா (வயிற்றுப்போக்கு), ட்டோசிஸ் (இமை சரிதல்) எல்லாம் அசைவைச் சொல்பவைதான், ஆனால் லத்தீன் அல்ல. ஆங்கில எழுத்துக்கூட்டலில் பி-எச், ஆர்-எச், சொல் நடுவே ஒய், தொடக்கத்தில் உச்சரிக்காத பி இவற்றில் ஏதாவது தென்பட்டால் லத்தீன் கட்டத்தில் திணிக்காமல் தனித் தாளில் எழுதுங்கள். ஒன்றுக்கொன்று ஈடான ஜோடிகளை அந்தத் தாளில் எதிரெதிரே வையுங்கள்: லத்தீன் 'மோட்' இருக்கும் இடத்தில் கிரேக்கம் 'கைனீ', லத்தீன் 'ஃப்ளக்ஸ்' இருக்கும் இடத்தில் கிரேக்கம் 'ரியா'.